ஏழு ராத்திரிக்கு எத்தனை கோட்டு?

கேள்வி:

ஐயா, நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. என் கணவர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மகன் இங்கிலாந்தில், சவுத்தாம்ப்டனில் இருக்கிறான். மகள் அமெரிக்காவில், நியூஜெர்சியில். வருகிற செப்டம்பரில் மகன் வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு மகள் வீட்டுக்குப் போகிறோம். "விமானத்தில் என்ன இருக்கிறது, கப்பலில் போங்கள்" என்று மகன் குயின் மேரி 2 கப்பலில் ஏழு ராத்திரிக்கு எங்கள் இருவருக்கும் இடம் போட்டுவிட்டான்.

சந்தோஷம்தான். ஆனால் டிக்கெட்டோடு வந்த தாளில், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என்னென்ன உடுத்த வேண்டும் என்று ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருக்கிறார்கள். அதைப் படித்ததிலிருந்து வீட்டில் பேச்சு அதுதான். இவர் தன் கல்யாணத்துக்கே கோட்டுப் போடாதவர். "சோறு சாப்பிடக் கோட்டா? நான் ரூமிலேயே இருந்துகொள்கிறேன், நீ போய்ச் சாப்பிட்டுவிட்டு வா" என்கிறார். பட்டு வேட்டியில் போனால் வாசலில் நிறுத்திவிடுவார்களா? எனக்கும் புடவை தவிர வேறு பழக்கம் இல்லை. கவுன் போடச் சொல்வார்களோ என்று பயமாக இருக்கிறது. ஒரு நாள் எல்லோரும் கறுப்பு வெள்ளையில் வர வேண்டுமாமே? பட்டுப்புடவை எத்தனை எடுப்பது, நகை எடுத்துப் போகலாமா? மகனிடம் கேட்டால் "ஒண்ணும் ஆகாதும்மா" என்கிறான். அவனுக்கு எதுவுமே ஒன்றும் ஆகாதுதான். நீங்கள் சொல்லுங்கள்.

— ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்:

அம்மா, வணக்கம். உங்கள் மகன் சொன்னது முக்கால்வாசி சரி. மீதிக் காலுக்குத்தான் இந்தப் பதில்.

முதலில் உங்கள் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். கவுன் வேண்டாம். புடவையோடு அந்தக் கப்பலில் எந்த ராத்திரியும் எந்தச் சாப்பாட்டுக் கூடத்துக்குள்ளும் போகலாம். உங்கள் கணவருக்கும் ஏழு ராத்திரியிலும் சிக்கல் என்றில்லை. குயின் மேரி 2 அட்லாண்டிக்கைக் கடக்கும் ஏழு ராத்திரிப் பயணத்தில் காலா ஈவ்னிங் என்ற பெரிய விருந்து ராத்திரி வழக்கமாக இரண்டுதான். மற்ற ஐந்துக்கு, அவரிடம் ஏற்கெனவே இருக்கும் பேண்ட்டையும் காலர் வைத்த முழுக்கைச் சட்டையையும் நன்றாகத் தேய்த்துப் போட்டால் போதும். மேலே ஒரு கோட்டு இருந்தால் நல்லது. டை கட்டாயமில்லை. ஆக, நாம் நிதானமாகப் பேச வேண்டியது அந்த இரண்டு ராத்திரியைப் பற்றித்தான்.

நான் கப்பல் சாப்பாட்டுக் கூடங்களில் தட்டு ஏந்தியவன். பிறகு வாசலில் நின்று மேசை காட்டும் வேலையும் பார்த்தவன். அங்கே நிற்பவனின் கண் எதைத் தேடும் என்று எனக்குத் தெரியும். அரைக்கால் சட்டை, கையில்லாத பனியன், தலையில் தொப்பி, ரப்பர் செருப்பு, நீச்சல் குளத்திலிருந்து நேராக வந்த ஈர உடை. தேடுவது இவற்றைத்தான். கோட்டு எங்கே தைத்தது, என்ன விலை என்றெல்லாம் அவன் பார்ப்பதில்லை. பார்க்க நேரமும் கிடையாது. பிரிட்டானியா ரெஸ்டாரன்ட் ஆயிரம் பேருக்கு மேல் உட்காரும் கூடம். ஒரே நேரத்தில் அத்தனை பேரும் பசியோடு வருவார்கள்.

அந்தத் தாளை மிரட்டல் கடிதமாகப் படிக்காதீர்கள், பஞ்சாங்கம் மாதிரி படியுங்கள். எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் பலன் தெரியும். பகல் முழுக்க யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நீங்கள் வீட்டில் உடுத்தும் நூல் புடவையே போதும். விதிக்கு உயிர் வருவது சாயங்காலம் ஆறு மணிக்கு. அப்போதும் கப்பல் முழுக்க ஒரே விதி கிடையாது. காலா ராத்திரிகளில் பிரிட்டானியா ரெஸ்டாரன்ட், குயின்ஸ் ரூம் என்ற நடனக்கூடம், இன்னும் பல பார்கள் ஆகியவற்றுக்கு முழு விருந்து உடை வேண்டும். அதே ராத்திரியில் கிங்ஸ் கோர்ட் என்ற பஃபே கூடத்திலும், கோல்டன் லயன் என்ற பப்பிலும், கரிந்தியா லவுஞ்சிலும் சாதாரண ராத்திரிகளுக்கான உடையே போதும். இந்த இடப் பட்டியல் அவ்வப்போது கூடும், குறையும். கிளம்புவதற்கு முன்பு உங்கள் பயண நாளுக்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்று மகனை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

இத்தனை கெடுபிடி ஏன் என்று உங்கள் கணவர் கேட்பார். நியாயமான கேள்வி. கப்பல் சுற்றுலா என்றாலே இப்படித்தான் என்றில்லை. நார்வீஜியன் க்ரூஸ் லைன் என்ற கம்பெனி 2000ஆம் ஆண்டிலேயே 'ஃப்ரீஸ்டைல்' என்று சொல்லி, விருந்து உடைக் கட்டாயத்தையும் குறித்த நேரச் சாப்பாட்டையும் கைவிட்டது. வைக்கிங் கப்பல்களில் விருந்து ராத்திரி என்பதே கிடையாது. செலிபிரிட்டி கப்பல்களில் பழைய ஃபார்மல் நைட்டை எடுத்துவிட்டு, கொஞ்சம் நன்றாக உடுத்தி வந்தால் போதும் என்று இறக்கிவிட்டார்கள். உங்கள் மகன் பதிவு செய்திருப்பதோ, இந்த வழக்கத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும் க்யூனார்ட் கம்பெனியின் கப்பல். 1840இல் லிவர்பூலிலிருந்து 'பிரிட்டானியா' என்ற நீராவிக் கப்பலை அட்லாண்டிக் கடக்க அனுப்பிய கம்பெனி அது. நீங்கள் சாப்பிடப்போகும் கூடத்துக்கு அந்தக் கப்பலின் பெயர்தான்.

விமானம் இல்லாத காலத்தில் லண்டனிலிருந்து நியூயார்க் போக வேறு வழி கிடையாது. சுற்றிலும் தண்ணீர், பார்க்க ஊர் இல்லை, இறங்கத் துறைமுகம் இல்லை. முதல் வகுப்புப் பயணிகளுக்கு அன்றன்றைய பெரிய நிகழ்ச்சியே ராத்திரிச் சாப்பாடுதான். அதற்கு உடுத்துவது, இறங்கி வருவது, யார் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பது. இதுதான் அவர்களுக்கு நாடகம், கச்சேரி எல்லாம். அந்தக் காலத்திலேயே ஒரு சலுகை இருந்தது. முதல் ராத்திரியும் கடைசி ராத்திரியும் யாரும் விருந்து உடை போட மாட்டார்கள். முதல் நாள் டிரங்குப் பெட்டியைத் திறந்திருக்க மாட்டார்கள், கடைசி நாள் பூட்டியிருப்பார்கள். இன்றும் நீங்கள் ஏறும் ராத்திரிக்குச் சாதாரண விதிதான் இருக்கும்.

நான் பார்த்தவரை, க்யூனார்ட் கம்பெனிக்கு உடை விதி ஒரு கட்டுப்பாடு இல்லை, அது அவர்கள் விற்கும் சரக்கு. அதற்கென்றே காசு கொடுத்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். வருஷம் முழுக்க ஜீன்ஸில் வேலைக்குப் போகிற ஆள், இந்த இரண்டு ராத்திரிக்காகக் கறுப்புக் கோட்டைத் தூசி தட்டி எடுத்து வருவார். அன்று மேடையில் ஆடுகிறவர்களைவிடச் சாப்பிட வருகிற கூட்டம்தான் காட்சி. அந்தக் காட்சியில் எல்லோரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. இந்த ராத்திரிக்காக நீங்களும் கொஞ்சம் மெனக்கெட்டிருக்கிறீர்கள் என்று தெரிந்தால் போதும். அதனால்தான் அவரவர் நாட்டு விருந்து உடைக்கு அந்த விதியிலேயே இடம் வைத்திருக்கிறார்கள்.

இப்போது உங்கள் கணவர் விஷயம்.

காலா ராத்திரிக்கு ஆண்களுக்கு அவர்கள் முதலில் சொல்வது டின்னர் ஜாக்கெட், அதாவது பட்டுக் காலர் வைத்த கறுப்புக் கோட்டும் போ டையும். இதைப் படித்துத்தான் பலரும் மிரள்கிறார்கள். அந்தக் கோட்டின் பூர்வீகம் தெரிந்தால் மிரட்சி பாதி போய்விடும். லண்டன் சவில் ரோ தெருவில் ஹென்றி பூல் என்ற தையல் நிலையம் இருக்கிறது. பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசருக்கு 1865இல், வீட்டுச் சாப்பாட்டு வேளையில் வாலில்லாத குட்டைக் கோட்டாகப் போட்டுக்கொள்ள ஒன்று தைத்துக் கொடுத்ததாகவும், டின்னர் ஜாக்கெட் அதிலிருந்து வந்ததாகவும் அவர்கள் சொல்கிறார்கள். நீள வால் கோட்டு மரியாதை உடையாக இருந்த காலத்தில் இது சௌகரியத்துக்கான உடை. இன்றைக்குக் கெடுபிடி என்று நாம் நினைப்பது, அன்றைக்கு ஒருவர் கெடுபிடியிலிருந்து தப்பித்துக்கொண்ட வழி.

ஆனால் அந்த உடையை அவருக்கு வாங்க வேண்டாம். ஒரே மாதத்தில் இரண்டு முறை போட்டுவிட்டு, பிறகு மன்னார்குடியில் பீரோவுக்குள் தொங்கவிடுவதற்கா? இங்கிலாந்தில் வாடகைக்குக் கிடைக்கும். மகனை அழைத்துப்போய் அளவு பார்த்து எடுக்கச் சொல்லலாம். ஆனால் இதுவரை கோட்டே போடாத ஒருவரை முதன்முதலாக ஒரு வாடகைக் கோட்டுக்குள் நுழைத்து, கழுத்தில் போ டை கட்டி, அந்நியர்கள் நடுவில் உட்காரவைத்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. டின்னர் ஜாக்கெட்டுக்குப் பதில் அடர் நிறச் சூட்டும் சாதாரண டையும் போட்டாலே அந்தக் கப்பலில் விதி நிறைவேறிவிடும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். சம்பந்தி வீட்டிலோ மகன் பெட்டியிலோ அப்படி ஒன்று அளவாகக் கிடைத்தால் அதோடு பிரச்சினை தீர்ந்தது.

புதிதாகத் தைப்பதாக இருந்தால் என் யோசனை, கழுத்தை மூடிய ஜோத்பூரி கோட்டு. நல்ல தையற்காரர் யாரிடமும் ஜோத்பூரி என்றால் புரியும். இதற்கு டை வேண்டாம், போ வேண்டாம், உள்ளே என்ன சட்டை என்ற கவலையும் இல்லை. டெல்லியில் அரசு விருந்துகளில் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டு விருந்து உடையாக எங்கும் ஏற்கிறார்கள். கறுப்பு அல்லது கருநீலம். அதே துணியில் பேண்ட்டு. சரிகை வேலை, மின்னும் துணி எல்லாம் கல்யாண மாப்பிள்ளைக்கு. கம்பளி கலந்த துணியாக எடுங்கள், கூடத்துக்குள் குளிர்சாதனம் பலமாக இருக்கும். தைத்து வந்ததும் நின்றபடி கண்ணாடியில் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, ஸ்பூனை வாய்வரை கொண்டுபோகச் சொல்லுங்கள். கழுத்துப் பொத்தானும் வயிற்றுப் பொத்தானும் அதற்கு இடம் கொடுத்தால்தான் அது சாப்பாட்டுக் கோட்டு. இந்தச் சோதனையைச் செய்யாமல் வந்து, சூப்போடு எழுந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன். இதே கோட்டை மற்ற ஐந்து ராத்திரியும் கழுத்துப் பொத்தானைத் திறந்துவிட்டுப் போடலாம். ஊருக்கு வந்த பிறகு பேரன் பேத்தி கல்யாணம்வரை வரும்.

கோட்டைவிடச் செருப்புதான் அவரைப் படுத்தும். கறுப்புத் தோல் ஷூ, கறுப்புக் காலுறை. இப்போதே வாங்கி வீட்டுக்குள் தினமும் கொஞ்ச நேரம் போட்டு நடக்கட்டும். குயின் மேரி 2 நீளம் 345 மீட்டர். அறை சாப்பாட்டுக் கூடத்துக்கு வெகுதூரம் தள்ளி ஒரு கோடியில் அமைந்துவிட்டால், காலைக் கடிக்கும் ஷூவோடு அது நீண்ட நடை.

வேட்டி. இதைக் கேட்டுத்தான் நீங்கள் எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியும். 2014இல் சென்னையில் ஒரு கிளப், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை, ஊரே கொதித்தது, அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் வந்தது. வேட்டியைக் காரணம் காட்டி யாரையும் தடுத்தால் கிளப்பின் உரிமமே போகும். ஆனால் அந்தச் சட்டம் தமிழ்நாட்டு எல்லையோடு நின்றுவிடும். குயின் மேரி 2 பிரிட்டிஷ் கம்பெனிக் கப்பல், பதிவு பெர்முடா தீவில், மிதப்பது அட்லாண்டிக்கில். அங்கே நமக்குக் கைகொடுப்பது அவர்கள் விதியில் இருக்கும் நாட்டு உடைச் சலுகைதான்.

அந்தச் சலுகையின் பேரில் ஸ்காட்லாந்துக்காரர்கள் கில்ட் கட்டி, முழங்கால் தெரிய, தலை நிமிர்ந்து வருவார்கள். அதற்குக் கிடைக்கும் மரியாதை, கணுக்கால்வரை இறங்கும் பட்டு வேட்டிக்குக் கிடைக்காமல் போக நியாயமே இல்லை. எட்டு முழம் பட்டு வேட்டி, முழுக்கைப் பட்டுச் சட்டை, தோளில் மடித்த அங்கவஸ்திரம், காலில் பின்வார் வைத்த தோல் செருப்பு அல்லது மூடிய மோஜடி. இப்படி வந்தால் விடுவார்கள் என்பது என் கணிப்பு. ஆனால் என் கணிப்பை நம்பி உங்கள் இருவரையும் ஒரு கூட்டத்தின் முன்னால் வாசலில் நிறுத்த நான் தயாரில்லை. மகனை விட்டு, வேட்டி கட்டிய படத்தோடு கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். 'சரி' என்று பதில் வந்தால் அதை அச்செடுத்துக் கைப்பையில் வையுங்கள். வாசலில் நிற்பவனுக்கும் அது பெரிய உதவி. அவன் தானாக முடிவெடுக்க வேண்டியதில்லை. இரண்டு நிபந்தனை மட்டும். இடுப்பில் பெல்ட்டோ, ஒட்டிக்கொள்ளும் வேட்டியோ இருக்கட்டும். வட அட்லாண்டிக்கில் கப்பல் அசையும், ஒரு கையால் கைப்பிடியையும் ஒரு கையால் வேட்டியையும் பிடித்துக்கொண்டு படியிறங்க முடியாது. இன்னொன்று, காற்றுக்காகவோ பழக்கத்திலோ மடித்துக் கட்டிவிடக் கூடாது. கட்டினால் அது விருந்து உடைக் கணக்கில் வராது. நம் ஊரிலும் பெரியவர்கள் முன்னால் இறக்கித்தானே விடுகிறோம்.

எதற்கும் சம்மதிக்காமல், அறையிலேயே இருப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால்? இருக்கட்டும். அறைக்கே சாப்பாடு வரவழைக்கலாம், கிங்ஸ் கோர்ட்டில் சட்டை பேண்ட்டோடு போய் வேண்டியதை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். அதில் ஒரு குறையும் இல்லை. கோட்டைக் கொண்டு வந்தவர்களிலேயே பலர் இரண்டாவது காலா ராத்திரிக்கு அலுத்துப்போய் அங்கேதான் இருப்பார்கள். நீங்கள் மட்டும் தனியாகப் பிரிட்டானியாவுக்குப் போனாலும் யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள். அந்தக் கூடத்தில் பயணம் முழுக்க உங்களுக்கு ஒரே மேசை, அதே ஆட்கள். மூன்றாம் நாளைக்குள் பழகிவிடும். ஆனால் முதல் காலா ராத்திரியில், மூன்று தளம் உயரமுள்ள அந்தக் கூடத்தின் படிக்கட்டில் கூட்டம் இறங்கி வருவதை அவர் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லட்டும்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது குறைவு. இரண்டு காலா ராத்திரிக்கு இரண்டு பட்டு. மற்ற ராத்திரிகளுக்குச் சாஃப்ட் சில்க், சில்க் காட்டன் என்று எடை குறைந்ததில் மூன்று. மாற்றி மாற்றிக் கட்டலாம். கட்டியதையே கட்டினால் கவனிப்பவர் உங்கள் மேசைக்காரர்கள் மட்டும்தான், அவர்களும் அதே கோட்டைத்தான் போட்டுக்கொண்டு வருவார்கள். காலாவுக்கு, முகூர்த்தத்துக்குக் கட்டும் அகலச் சரிகைக் கனத்த காஞ்சிபுரத்தைவிட, மெல்லிய கரை போட்ட திருபுவனம் பட்டு போதும். மினுமினுப்பு வேண்டியது உங்கள் முகத்துக்குப் பக்கத்தில். கொசுவத்தில் கனம் இருந்தால் அசையும் தளத்தில் காலை இடறும். இடுப்பில் ஊக்கு ஒன்று கூடுதலாகக் குத்திக்கொள்ளுங்கள். புடவையை வழக்கத்தைவிட ஒரு விரல்கடை உயர்த்தியே கட்டுங்கள். தட்டையான செருப்பு. தோளுக்கு ஒரு சால்வை கட்டாயம், ஜரிகை போட்ட காஷ்மீர் சால்வை இருந்தால் உடைக்கு உடையும் ஆச்சு. பட்டு கட்டிக்கொண்டு சாப்பாட்டுக்குப் பிறகு திறந்த தளத்துக்குப் போய்விடாதீர்கள். செப்டம்பரில் அங்கே காற்று முந்தானையை உங்களிடம் விட்டுவைக்காது, உப்பும் ஈரமும் சரிகைக்கு ஆகாது.

கறுப்பு வெள்ளை ராத்திரியைப் பற்றி நீங்கள் வெளிப்படையாகக் கேட்காமல் விட்டதை நானே சொல்கிறேன். கறுப்புப் பட்டு உங்கள் வயதுப் பெண்கள் பலரின் பீரோவில் இருக்காது. வெள்ளைப் புடவை கட்ட உங்களுக்கு மனம் வராது, வர வேண்டியதும் இல்லை. இந்த நிறக் கணக்கு ஒரு விளையாட்டுதான். சேர விரும்புகிறவர்கள் சேரலாம். நீங்கள் அரக்குச் சிவப்பில் போனாலும் கதவு திறக்கும். விளையாட்டில் சேர ஆசை இருந்தால், சந்தன நிறத்தில் கறுப்புக் கரை போட்ட பட்டோ, கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட சில்க் காட்டனில் சிவப்புக் கரையோ கட்டுங்கள். இதே போல இன்னொரு ராத்திரிக்கு முகமூடி வைத்தும் கேட்பார்கள். அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மூக்குக் கண்ணாடிக்கு மேல் முகமூடி உட்காராது.

பட்டு கசங்கியிருந்தால்? ஊரிலிருந்து இஸ்திரிப் பெட்டி கொண்டுபோகாதீர்கள். தீ பயத்தால் அறைக்குள் அதை அனுமதிப்பதில்லை. ஏறும்போதே எடுத்து வைத்துக்கொள்வார்கள். பயணிகளே துவைத்துத் தேய்த்துக்கொள்ளும் அறைகள் கப்பலிலேயே இருக்கின்றன, அதற்குக் காசு கிடையாது. காலா அன்று மதியத்துக்கு மேல் அங்கே இடம் கிடைக்காது, சண்டையும் நடக்கும். காலையிலேயே போய், மேலே நூல் துணியைப் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

நகை விஷயத்தில் நான் கஞ்சன். தாலிச் சங்கிலி, கழுத்தை ஒட்டி ஒரு அட்டிகை, தோடு, இரண்டு வளையல். அறையில் சின்னப் பெட்டகம் இருக்கும். மற்றபடி ஆரம், ஒட்டியாணம் எல்லாம் மன்னார்குடியிலேயே இருக்கட்டும். எடுத்துப்போவது எதுவானாலும் கிளம்பும்போது விமான நிலையச் சுங்கத்தில் காட்டி, நம் நாட்டிலிருந்து கொண்டுபோகும் நகை என்று ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது இது எங்கே வாங்கியது என்ற கேள்விக்கு அந்தத் தாள்தான் பதில். நேரமாகும், சீக்கிரமே போங்கள்.

காலா ராத்திரிகளில் திரைச்சீலையைக் கட்டிவைத்துக்கொண்டு படம் பிடிக்கிறவர்கள் வழிமறிப்பார்கள். நின்று படம் எடுத்துக்கொள்ளக் காசில்லை. அச்சு வாங்கத்தான் காசு, அதுவும் கூடுதல். நிறையப் பேர் உங்கள் புடவையைப் பார்த்துவிட்டு வந்து பேசுவார்கள். எத்தனை கஜம், எப்படிக் கட்டுகிறீர்கள் என்று கேட்பார்கள். வகுப்பறையில் பேசிப் பழகியவருக்கு அது சிரமமாக இருக்காது.

சாப்பாட்டு நேரத்தையும் உடையோடு சேர்த்து யோசியுங்கள். பிரிட்டானியாவில் இரண்டு பந்தி. முதல் பந்தி ஆறு மணிக்கு, இரண்டாவது எட்டரைக்கு. மேற்கு நோக்கிப் போகிற பயணத்தில் ஐந்து ராத்திரி கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அந்த நாட்களுக்கு இருபத்தைந்து மணி நேரம். உடம்புக்கு எட்டரை என்பது ஒன்பதரையாகத் தெரியும். உங்கள் வயதுக்கு முதல் பந்திதான் சரி. ஆனால் அதற்கு நாலரை, ஐந்துக்கே உடுத்தத் தொடங்க வேண்டும். மூன்றரைக்கு குயின்ஸ் ரூமில் வெள்ளைக் கையுறை போட்டுப் பரிமாறும் தேநீருக்குப் போனால் அங்கே தரும் ஸ்கோன் என்ற சின்ன ரொட்டியை அளவாகச் சாப்பிடுங்கள். சைவம் என்றால் மகனை இப்போதே பதிவில் எழுதவைக்கச் சொல்லி, முதல் ராத்திரியே மேசைக்குப் பொறுப்பானவரிடம் நேரிலும் சொல்லிவிடுங்கள்.

சவுத்தாம்ப்டனில் ஏறும்போது பெரிய பெட்டிகளை வாங்கிக்கொண்டு பின்னால் அறைக்கு அனுப்புவார்கள். சில நாள் அது ஆறு மணிக்கு மேல்தான் வரும். முதல் ராத்திரிப் புடவை, அவருடைய சட்டை பேண்ட்டு, மாத்திரைகள் மூன்றும் கையோடு எடுத்துப்போகும் பையில் இருக்கட்டும். கடைசி ராத்திரி இதற்கு நேர்மாறு. சாப்பாடு முடிந்ததும் பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள், இரவோடு இரவாக எடுத்துப்போய்விடுவார்கள், பிறகு புரூக்ளின் துறைமுகத்தில்தான் பார்க்கலாம். எல்லாவற்றையும் ஒழுங்காக மடித்து அடுக்கி அனுப்பிவிட்டு, காலையில் இரவு உடையோடு நின்ற பயணிகள் ஒவ்வொரு பயணத்திலும் உண்டு. மறுநாள் உடுத்துவது, உள்ளாடை, நடக்கிற செருப்பு, ஸ்வெட்டர், பாஸ்போர்ட், நகை, சுங்கச் சான்று இவற்றையெல்லாம் கட்டில் மேல் எடுத்து வைத்துக்கொண்ட பிறகு பெட்டியைப் பூட்டுங்கள்.